பின்னணியைத் துறத்தல்: காரைக்காலும் மருத்துவமனை ஊழியர்களின் ‘பணித் திருப்தி’யும் – சில குறிப்புகள்

1

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மேலாண்மையியலில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்த நண்பர் ஒருவருக்காகக் காரைக்கால் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வினாத்தாள் நிரப்பும் வேலைக்குப் போயிருந்தேன். வினாத்தாளுக்கு இரண்டு பாகங்கள். முதல் பாகம் ‘தனிநபர் பின்னணி’: வயது, பாலினம், திருமண நிலை, கல்வித் தகுதி, பணி அனுபவம், மாத வருமானம். இரண்டாம் பாகம் ‘பணித் திருப்தி’: சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, சக ஊழியர், பணிச்சூழல் என்று வரிசையாக வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே டிக் அடித்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நான் வாசித்துக் காட்டினேன்.

பிரசவ வார்டில் ஒப்பந்தத்தில் இருந்த ஓர் ஆயாம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “திருப்தின்னா எதத் தம்பி கேக்குற? சம்பளத்தக் கேக்குறியா, நிம்மதியக் கேக்குறியா, மரியாதையக் கேக்குறியா?” என்றார். அதற்கு வினாத்தாளில் கட்டம் கிடையாது. “பொதுவாச் சொல்லுங்கம்மா” என்றேன். “பொதுவான்னா நல்லாத்தான் இருக்கு. போட்டுக்க.” நானும் ‘உடன்படுகிறேன்’ கட்டத்தில் போட்டுக்கொண்டேன்.

நண்பருக்குப் பட்டம் கிடைத்தது. வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு உண்டு, கல்விக்கும் திருப்திக்கும் தொடர்பு இல்லை என்று கை-வர்க்கச் சோதனை சொல்லிவிட்டதாக ஆய்வேடு முடிந்தது. ஆயாம்மா அதில் ஒரு எண். டெல்டாவின் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் இதே அச்சில் ஆய்வேடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மருத்துவமனை இல்லாவிட்டால் சர்க்கரை ஆலை, அதுவும் இல்லாவிட்டால் வங்கி. அவற்றைக் கேலி செய்வது சுலபம். ‘திருப்தி’, ‘தனிநபர் பின்னணி’ என்ற இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன, அவை எதைச் சொல்ல விடுகின்றன, எதை வாயடைக்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம். பின்னணி என்ற சொல்லுக்குக் காரைக்காலில் ஒரு தனி வரலாறு இருக்கிறது என்பதால் இது இன்னும் அவசியமாகிறது.

2

தன் வேலை தனக்குத் திருப்தியா என்ற கேள்வியைத் தொழிலாளி எழுப்பவில்லை. ஆலை நிர்வாகம் எழுப்பியது. 1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்த ஆய்வுகளை இதற்கான தொடக்கமாகச் சொல்வது வழக்கம். தொலைபேசிக்கான ரிலே பொருத்தும் இளம்பெண்கள் சிலரைத் தனியறையில் உட்காரவைத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றி, உற்பத்தி எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனித்தார்கள். அந்தப் பெண்கள் போலந்து, இத்தாலி, நார்வே என்று எங்கெங்கிருந்தோ குடியேறிய குடும்பத்தினர். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இருவர் 1928 ஜனவரியில் மாற்றப்பட்டார்கள். பாடப்புத்தகங்கள் இந்த இருவரை அநேகமாகச் சொல்வதில்லை. தொழிலாளியின் மனசைக் கவனித்தால் உற்பத்தி கூடும் என்ற ‘மனித உறவுகள்’ கோட்பாட்டைத்தான் எல்டன் மேயோவும் அவர் வழிவந்தவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதே ஆலையில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பேட்டி காணப்பட்டார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒப்பான ஏற்பாடு இது. குறையைச் சொல்லலாம். சொன்னவுடன் அது சங்கத்துக்குப் போகாமல் கோப்புக்குப் போய்விடும்.

1932இல் லிக்கர்ட் ஐந்து கட்ட அளவுகோலைத் தந்தார். 1935இல் ராபர்ட் ஹாப்பாக் ‘பணித் திருப்தி’ என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். அமெரிக்காவே வேலையில்லாமல் வரிசையில் நின்ற மந்தகாலம் அது. வேலை இருப்பதே பெரும் பாக்கியமாக இருந்த ஆண்டுகளில்தான் ‘வேலை பிடித்திருக்கிறதா’ என்ற கேள்வி ஒரு துறையாகியது.

1959இல் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இருநூறு பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு, திருப்தி தருபவை வேறு, அதிருப்தியைத் தடுப்பவை வேறு என்று பிரித்தார். சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவை முதல் வகை. சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியவை இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகைக்கு அவர் சூட்டிய பெயர் ‘சுகாதாரக் காரணிகள்’. நோய் வராமல் சுகாதாரம் தடுப்பதுபோல இவை அதிருப்தி வராமல் தடுக்குமாம். பொறியாளருக்கும் கணக்கருக்கும் இந்த உருவகம் பொருந்தலாம். மருத்துவமனையில் தரை துடைக்கிறவருக்குச் சுகாதாரமே வேலை. அவருடைய சாதனையும் பொறுப்பும் அங்கீகாரம் கிடைக்காமையும் எல்லாம் அந்த வாளிக்குள்தான் இருக்கின்றன. இருந்தும் பிட்ஸ்பர்க் கணக்கருக்குத் தைத்த சட்டையைத்தான் இன்றும் ஆயாம்மாவுக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

3

ஹாப்பாக்கின் புத்தகம் வந்த மறுவருஷம், 1936இல், இதே கேள்வியை இன்னொருவர் கேட்டார். லாகூரில் பேசுவதற்காக எழுதி, பேச விடாததால் தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்றார். இந்த வாசகம் நமக்கு மனப்பாடம். அதையொட்டி அவர் சொன்னதைத்தான் மறந்துவிட்டோம். பிறப்பால் விதிக்கப்பட்ட வேலைகளில் பல, செய்கிறவருக்கே வெறுப்பூட்டுபவை. இழிவு ஒட்டியிருப்பதால் அவற்றிலிருந்து தப்பிக்கவே மனம் துடிக்கும். மனசும் அறிவும் ஈடுபடாத வேலையில் திறன் எப்படி வரும் என்று அவர் கேட்டார். பணித் திருப்தி பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட முக்கியமான பக்கங்கள் இவை. மேலாண்மைப் பாடத்திட்டத்தில் ஹெர்ஸ்பெர்க் இருக்கிறார், இவர் இல்லை.

இருவருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. ஹாப்பாக் மரபில் அதிருப்தி ஒரு தனிமனிதரின் மனநிலை. அதை அவருடைய வயது, கல்வி, திருமணம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கலாம். அம்பேத்கரிடத்தில் அதிருப்தி, ஓர் அமைப்பு மனிதருக்குள் போட்டுவைத்த தடம். நம்முடைய வினாத்தாள்களில் சாதி பெரும்பாலும் இருக்காது. இருந்தால் ‘சமூகப் பிரிவு’ என்று நான்கு எழுத்துச் சுருக்கங்களாக, வயதுக்கும் திருமண நிலைக்கும் நடுவில் இருக்கும். முப்பத்தைந்து வயது என்பதும் தலித் என்பதும் ஒரே மாதிரியான ‘மாறி’கள். வயதாவது மாறும்.

4

இனி காரைக்கால். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 பேர். சுற்றிலும் பழைய தஞ்சை ஜில்லா, கிழக்கே கடல். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த ஊர்.

இந்த ஊரில் ‘பின்னணி’யைச் சட்டப்படி துறக்க முடிந்தது. 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான பிரெஞ்சு ஆணை, இந்தியர்கள் தங்கள் ‘தனிநபர் நிலை’யை, அதாவது சாதி, மத வழக்கப்படியான சட்ட அடையாளத்தை, கையெழுத்திட்டுக் கைவிடலாம் என்றது. அதிகாரி முன்னால் போய்ச் சொல்ல வேண்டும்; ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும்; அதன்பின் பிரெஞ்சு சிவில் சட்டம்தான். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. இதற்காக வாதாடியவர்களில் முன்னின்றவர் பொன்னுத்தம்பி. சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காகப் புதுச்சேரியில் தண்டிக்கப்பட்டு, 1873இல் பாரீஸ் வரை போய் வென்ற வழக்கறிஞர். லபோர்த் என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு ‘வாசல்’ என்று பொருள். துறந்தவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் அதிகம். படையிலும் இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் அவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது.

வாசல் திறந்ததா? 1884இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். சாதியைக் கைவிட்டவர்கள் ஐரோப்பியர் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ‘கைவிட்டவர்கள்’ என்றே ஒரு புதிய பட்டியலானார்கள். பெயரில் சாதி போய்விட்டது, பட்டியலாகத் திரும்பி வந்துவிட்டது. இதை ஆதரித்தும் எதிர்த்தும் நடந்த அரசியலை இங்கே விரித்துப் பேச இடமில்லை. பின்னணி என்பதை ஒரு ஆள் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதில்லை, அதை எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம் அரசிடம் இருக்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இதற்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? இதே நூற்றாண்டில் காரைக்கால் ஒரு கூலிக் கப்பல் துறை. 1853க்குப் பிறகு மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் ஏறிய துறைகளில் முக்கியமானவை. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு மருத்துவச் சோதனை இல்லாமல் கப்பலேற்றக் கூடாது. நோய் தீர்க்கும் இடமாக மட்டும் மேற்கத்திய மருத்துவம் இந்தக் கரைக்கு வரவில்லை. உழைக்கிற உடம்பை நிறுத்திவைத்து, தட்டிப் பார்த்து, தேறும் – தேறாது என்று எழுதுகிற வேலையும் அதற்கு இருந்தது. அதே கையெழுத்தின் வம்சத்தில்தான், உழைக்கிற மனசை நிறுத்திவைத்து, திருப்தி – அதிருப்தி என்று எழுதுகிற நம்முடைய வினாத்தாளும் வருகிறது.

5

மருத்துவமனைக்குள் யார் எந்த வேலைக்கு வந்தார்கள் என்று பார்ப்போம். மருத்துவமனை வருமுன் டெல்டா கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். அந்தச் சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர், பெண்கள் மருத்துவச்சிகள். பல ஊர்களில் தலித் பெண்களும் இதைச் செய்தார்கள். தாயின் உடம்பைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் இவர்கள்தாம். கூலி, களத்துமேட்டில் அளந்து போடும் நெல். அந்தப் பங்குக்குத் தஞ்சைப் பக்கத்தில் ‘சுதந்திரம்’ என்று பெயர். வருஷம் பூராவும் ஊருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததற்குக் கிடைத்த நெல்லுக்குச் சுதந்திரம் என்று பேர் வைத்த மொழி நம்முடையது!

1823இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். 1964இல் ஜிப்மர் ஆன நிறுவனம் அந்தத் தொடக்கத்தைத்தான் தன் தொடக்கமாகச் சொல்கிறது. குளூனி சபைக் கன்னியர் 1827இல் வந்தார்கள். சென்னையில் 1854இல் மருத்துவச்சிகளுக்கும், 1871இல் செவிலியருக்கும் பயிற்சி வந்தது. வேலூரில் 1909இல் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கினார். மருத்துவச்சியின் கைப்பழக்கம் சான்றிதழாக மாறியபோது, அந்தச் சான்றிதழ் மருத்துவச்சியின் பெண்ணுக்குக் கிடைப்பது அரிதாக இருந்தது. அதற்குப் பள்ளிப் படிப்பு வேண்டுமே.

மேல்சாதி வீட்டுப் பெண்களும் வரவில்லை. அந்நிய ஆம்பிளையின் உடம்பைத் தொடுவது, மலசலம் எடுப்பது, ராத்திரி வெளியே தங்குவது – தீட்டும் கற்பும் ஒரே இடத்தில் குறுக்கே நின்றன. வந்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவப் பெண்கள், விதவைகள், குடும்பத்தால் கைவிடப்பட்டவர்கள். பின்னால் கேரளத்திலிருந்து பெரும் எண்ணிக்கையில் வந்தவர்கள். 1946இல் போர் குழு கணக்கெடுத்தபோது பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். வறுமையை மட்டும் காட்டும் எண்ணாக இதைப் படிக்க முடியாது. மற்றவர் உடம்பைத் தொட எத்தனை பெண்களைச் சாதி அனுமதித்தது என்பதும் இதில் இருக்கிறது.

வந்தவளைச் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரீக்குரிய விளியைத் தந்து அவளுடைய உடம்பை ஒருவாறு அப்புறப்படுத்திவிட்டால் அவள் ஆண்கள் வார்டில் நடமாடலாம். ஆனி மாதத்தில் மாம்பழம் வீசிக் கொண்டாடப்படும் காரைக்கால் அம்மையார், கணவனுக்காகத் தாங்கிய சதையைக் களைந்து பேயுருவம் வேண்டிப் பெற்றவர். வீட்டைவிட்டு வெளியே போகிற பெண் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அம்மையார் அதைத் தாமே கேட்டுப் பெற்றார். செவிலியருக்கு அது சீருடையோடு சேர்த்துத் தரப்பட்டது.

ஆனாலும் சிஸ்டருக்கு ஒரு ஏணி இருந்தது. சீருடை, பதிவெண், சங்கம், வளைகுடா நாடுகள். ஏணிக்குக் கீழே நின்றவர்கள் ஆயாக்கள், வார்டு உதவியாளர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், பிண அறை ஊழியர்கள். அறுவை மேசையில் டாக்டரின் கையுறையில் படுகிற ரத்தம் தீட்டில்லை. அதே ரத்தம் தரையில் சொட்டியதும் அதைத் தொடுவதற்கென்று ஒரு ஆள் வர வேண்டும். டாக்டர் ‘சார்’ அல்லது ‘மேடம்’, நர்ஸ் ‘சிஸ்டர்’, ஆயா ‘ஆயாம்மா’, தரை துடைக்கிறவரைப் பேர் சொல்லி, ‘நீ, வா, போ’. விளிகளை மேலிருந்து கீழாக எழுதிப் பாருங்கள், ஊரின் வரைபடம் கிடைத்துவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கடற்கரையில் பிணங்கள் குவிந்தபோது, நாகை ஜில்லாவில் அவற்றை அகற்றப் பிற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் தலித்துகள். பேரழிவிலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் நிர்வாகத்துக்குக் குழப்பம் வரவில்லை.

6

1884இன் மூன்று பட்டியல்கள் இன்று வேறு வேஷத்தில் வந்திருக்கின்றன: நிரந்தரம், ஒப்பந்தம், ஏஜென்சி. காரைக்காலைச் சுற்றியிருப்பது தமிழகம். படிக்கப் போவதும் வேலைக்குப் போவதும் எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை என்பதால் அங்கே நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழக அரசு 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியருக்குத் தந்தது மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கை பொய்த்து, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டார்கள். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்து உச்சநீதிமன்றம் 2016இல் சொன்னதையொட்டி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் ரூ.20,000க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரை பரிந்துரையாக இருந்தது.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது. கொரோனாக் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியரில் 2,400க்கும் மேற்பட்டோருக்குத் தமிழகத்தில் 2022 டிசம்பர் 31 கடைசி நாள் என்று சொல்லப்பட்டது. மறுநாள் புத்தாண்டு. கைதட்டலை ஹெர்ஸ்பெர்க் ‘அங்கீகாரம்’ என்பார். அவருடைய கணக்கில் அது உண்மையான திருப்திக் காரணி. சம்பளம் வெறும் சுகாதாரக் காரணி. கோட்பாடு எவ்வளவு வசதியானது பாருங்கள்!

துப்புரவையும் காவலையும் ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்தபோது இன்னொன்றும் நடந்தது. சாதி ‘வீட்டுப் பராமரிப்புப் பணி’ என்ற புதுப் பெயருக்குள் ஒளிந்துகொண்டது. முன்பு இட ஒதுக்கீட்டின்படி கிடைத்த ஆஸ்பத்திரி வேலையில் இழிவும் இருந்தது, ஓய்வூதியமும் இருந்தது. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள். ஏஜென்சி வந்தபின் ஓய்வூதியம் போய்விட்டது. இழிவு அப்படியே இருக்கிறது. துறக்க முடிந்ததை அரசு துறந்துவிட்டது. ஊழியரால் துறக்க முடியவில்லை.

7

இப்போது ஆயாம்மாவின் “நல்லாத்தான் இருக்கு”க்குத் திரும்பலாம். பொய் சொன்னாரா? இல்லை என்றே நினைக்கிறேன். வங்கப் பஞ்சத்துக்கு மறுவருஷம், 1944இல், கல்கத்தா பக்கத்துச் சிங்கூரில் நடந்த ஒரு கணக்கெடுப்பை அமர்த்தியா சென் எடுத்துக்காட்டுவார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் நோய் என்றோ சுமார் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். ‘சுமார்’ என்று சொன்ன விதவை ஒருவர்கூட இல்லை. விதவைகள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குறை சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்ற நினைப்பே அவர்களிடம் எடுக்கப்பட்டிருந்தது.

ஆயாம்மாவின் விஷயம் இதற்கு நெருக்கம், ஆனால் இதுவே இல்லை. வினாத்தாளை மூடிய பிறகு அவர் பேசினார். அவருடைய அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் பண்ணையில் நடவு நட்டவர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு மண், அங்கே அது செல்லாது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது அவர் கைக்குழந்தை. கூலி உயர்வு கேட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்பதைக் கேட்டே வளர்ந்தவர். மாதம் பிறந்தால் சம்பளம், மின்விசிறிக்குக் கீழே வேலை, ‘அம்மா’ என்று முடிகிற ஒரு விளி: அவருடைய ‘நல்லாத்தான் இருக்கு’ இவற்றை அந்த வயலோடு ஒப்பிட்டுச் சொன்ன தீர்ப்பு. அது அமைதி அடைந்தவரின் குரல் இல்லை, கணக்குப் பார்க்கத் தெரிந்தவரின் குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் நர்சிங் படித்தவர். இரண்டாவது வரியிலேயே ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்று போட்டிருந்தார். ஆய்வேடு இதைப் படித்த விதம்: வயது ஏற ஏறத் திருப்தி ஏறுகிறது. வயதில் என்ன இருக்கிறது? அம்மா வயலை ஒப்பிட்டார், மகள் நிரந்தரப் பணியிலிருக்கும் சக செவிலியரை ஒப்பிட்டார். ஒப்பிடுவதற்கு என்ன கிடைத்திருக்கிறது என்பதுதான் பின்னணி. அதற்கு வினாத்தாளில் பத்தி இல்லை.

கணக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. சிங்கூரின் அந்த இரண்டு எண்கள் இல்லாமல் நாம் இதைப் பேசியிருக்கவே முடியாது. யார், யாருக்காக, எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் பிரச்சினை. தொழிற்சங்கங்களில் இருக்கும் நண்பர்களும் எழுதுகிற நண்பர்களும் இதைக் கையிலெடுக்கலாம். சம்பளம், நிம்மதி, மரியாதை என்று ஆயாம்மா பிரித்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம். உங்கள் அம்மா என்ன வேலை செய்தார், உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்த நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, விடுப்பெடுத்தால் அந்த நாள் கூலி உண்டா, ஊசி குத்திவிட்டால் யார் செலவு என்று கேட்கலாம். கடைசி மருத்துவச்சிகளில் இன்னும் உயிரோடிருப்பவர்களிடமும், 1881இல் பேர் மாற்றிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளிடமும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். இந்தக் குறிப்புகளில் விடுபட்டவை நிறைய. முஸ்லிம் ஊழியர்களைப் பற்றியோ ஆண் செவிலியர்களைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.

அன்றைக்கு எழுந்து வரும்போது ஆயாம்மா கேட்ட இன்னொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. “இதெல்லாம் எழுதிட்டுப் போறியே தம்பி, எங்க சூப்பர்வைசருகிட்டக் காட்டுவியா, காட்ட மாட்டியா?”